பின்சுவர் ஆணி

9 செப்டம்பர்

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் அண்ணனின் மனைவி எழுதுவது. வழக்கம்போல் 'எலி' என்றுதான் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அவர் வைத்த செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உறவு சனிக்கிழமை மாலையோடு முடிந்தது.

ஞாயிறு முதல் நான்கு முறை ஃபோன் செய்திருக்கிறீர்கள். எடுக்கமாட்டேன். எடுத்தால் கத்துவேன். கத்தினால் நீங்கள், "அண்ணி, கொஞ்சம் நிதானமாப் பேசுங்க" என்பீர்கள். அந்தக் குரலைக் கேட்டால் இன்னும் கத்துவேன். அதனால்தான் காகிதம்.

நீங்கள் பேசியதை நேற்றுதான் பார்த்தேன். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, ஃபோனில். எங்கள் மயக்க மருந்து டாக்டர் அனுப்பியிருந்தார். "சிஸ்டர், யுனிவர்சிட்டில உங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசுறாங்க. பேசுறது உங்க நாத்தனாராமே!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் திறந்தேன். 'பழைய உலகம்: பொதுமக்களுக்கான ஆறு சொற்பொழிவுகள்.' மூன்றாவதில் அவர் தோண்டியெடுத்த ஜாடிகள். அவர் போய் நான்கு வருடம் கழித்து அவர் தங்கையே அவரைப் பற்றிப் பேசுகிறாள் என்று தலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன்.

நாற்பதாவது நிமிஷத்தில் சொன்னீர்கள். கீறல் எழுத்துள்ள அந்த ஜாடிகள் அவர் சொன்ன அளவு பழையவை அல்ல, நானூறு வருடம் பிந்தியவை. காரணம், "அகழ்ந்தவரின் அளவுப் பிழை". எட்டு சென்டிமீட்டர். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "எட்டு சென்டிமீட்டரா? நான் முப்பது வருஷம் சர்வேயரா இருந்தேம்மா. எங்க செயின் பிடிக்கிற ஆளுகூட இப்படிக் கோட்டை விடமாட்டானே!" கூடமே சிரித்தது.

நீங்களும் சிரித்தீர்கள். மூன்று முறை திருப்பி ஓட்டிப் பார்த்தேன். சின்னச் சிரிப்புதான். ஆனால் சிரிப்பு.

மியூசியத்தில் அந்த ஜாடிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஓர் அட்டை இருக்கிறது. அவர் பெயர், அவர் சொன்ன காலம். ஒவ்வொரு வருடமும் அவர் போன தேதியில் பஸ் ஏறி வந்து அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவேன். உங்களிடம் சொன்னதில்லை. கடைசிச் சொற்பொழிவன்று அந்த அட்டையையும் மாற்றப்போகிறீர்களாம்.

காலத்தை மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் அவரைக் கவனமில்லாதவர் என்று மேடையில் சொல்லாதீர்கள். எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்ற தைரியம்தானே? 27ஆம் தேதி அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முன்வரிசையில் நானும் வந்து உட்காருவேன். எனக்கும் எழுந்து நின்று பேசத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி


13 செப்டம்பர்

அண்ணி,

நீங்கள் என்னை எப்படி அழைத்தாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன்.

சிரித்தது உண்மை. பதிவு இருக்கிறது, மறுக்க முடியாது. மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணன் அந்தக் குழியை இரண்டு பாதியாகத் தோண்டினார். முதல் பதினான்கு நாள் மேற்குப் பாதி, பிறகு கிழக்குப் பாதி. நடுவில் ஒரு மண்சுவரை விட்டுவைத்தார், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. அது மழையில் சரிந்தது. மேற்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பழைய தரைகள் கிடைத்தன. மேல்தரைக்கும் கீழ்தரைக்கும் இடையே எட்டு சென்டிமீட்டர் சாம்பல், நானூறு வருட இடைவெளி. ஜாடிகள் கிழக்கில் கிடைத்தன. அவற்றின் ஆழம் கீழ்தரையோடு பொருந்தியது. ஆகவே அவை பழையவை என்று அறிவித்தார். அதில்தான் அவர் பெயர் நிலைத்தது.

போன வருடம் அந்தக் குழியை ஒட்டி என் மாணவர்கள் சிறிதாக ஒரு குழி வெட்டினார்கள். அதே கீறல் ஜாடிகள், மேல்தரைமேல், அசையாமல் உட்கார்ந்திருந்தன. கிழக்குப் பாதியின் ஒவ்வோர் அளவும் எட்டு சென்டிமீட்டர் ஆழமாகப் பதிவாகியிருக்கிறது. மேற்கில் ஒன்றுகூடத் தவறவில்லை. இது கருத்து வேறுபாடு அல்ல. யார் வேண்டுமானாலும் போய் அளந்து பார்க்கலாம்.

'அளவுப் பிழை' என்பது நான் தேடித் தேர்ந்தெடுத்த மிக மென்மையான சொல். அதைத் திரும்பப் பெற்றால் அதைவிடக் கடினமான ஒன்றைத்தான் அங்கே வைக்க வேண்டியிருக்கும்.

அண்ணனின் களநோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. பச்சை அட்டை, மூலையில் தண்ணீர்க்கறை. அவர் உயிரோடு இருந்தபோது இரண்டு முறை கேட்டேன், தரவில்லை. நீங்களாவது அனுப்பிவைத்தால் 27ஆம் தேதிக்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம். வேறு விளக்கம் இருந்தால் முதலில் மகிழ்பவள் நான்.

இன்று நான்காவது சொற்பொழிவு. கிளம்ப வேண்டும்.

அன்புடன்,
எலி


17 செப்டம்பர்

உனக்கு,

மரியாதை போதும், எழுதக் கை வலிக்கிறது.

நோட்டைத் தரமாட்டேன். அவர் தராததை நான் ஏன் தர வேண்டும்?

உன் மேல்தரையும் கீழ்தரையும் இருக்கட்டும். நான் சொல்வதை நீ கேள். அந்த ஒரு மாதம் அந்த வாடகை வீட்டில் நானும் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமாகி நாற்பது நாள். ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு, புருஷன் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கலாம் என்று வந்தேன். பார்த்தது அடுப்பையும் துவைக்கிற கல்லையும்தான். ஆறு பேருக்குச் சமைத்தேன். ஆறு பேர் துணியையும் துவைத்தேன். செம்மண் கறை எவ்வளவு அடித்தாலும் போகாது. "அண்ணி, என் சாக்ஸ் காஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி. அறிக்கை அச்சாகி வந்தபோது நன்றியுரையை எடுத்துப் பார்த்தேன். தார்ப்பாய் வாடகைக்குக் கொடுத்த ஆள் இருக்கிறார். நான் இல்லை. அதற்கும் அவரோடு சண்டை போட்டேன். "விட்டுப்போச்சும்மா" என்றார். செத்துப்போனவர் என்பதற்காக எல்லாவற்றையும் மறைத்துப் பேசுகிறவள் இல்லை நான். அவரிடம் குறை இருந்தது.

ஆனால் கவனக்குறைவு இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன். என்னையும் அந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. எங்கள் தியேட்டரில் வயிற்றைத் தைப்பதற்கு முன் கத்திரி, பஞ்சு எல்லாவற்றையும் நான் எண்ணி வாய்விட்டுச் சொன்னால்தான் டாக்டர் ஊசியையே எடுப்பார். "சிஸ்டர் எண்ணிட்டாங்கன்னா அப்பீலே கிடையாது" என்பார்கள். அதை நான் கற்றது உன் அண்ணனிடம்.

மென்மையான சொல்லாம். அப்படியென்றால் கடினமான சொல் எது? வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு மிரட்டாதே. தைரியம் இருந்தால் எழுது.

அண்ணி


21 செப்டம்பர்

அண்ணி,

கேட்டீர்கள். எழுதுகிறேன்.

அந்தக் குழியில் அளவுகளைப் படித்து நோட்டில் எழுதியவள் நான். அண்ணன் அளவுகோலைப் பிடிப்பார், எண்ணை நான் சொல்வேன். வீட்டின் பின்சுவரில், செங்கல் இடுக்கில் ஓர் ஆணி. அதிலிருந்து மட்டமாக ஒரு கயிறு இழுத்துக் கட்டுவோம். எல்லா ஆழமும் அந்தக் கயிற்றிலிருந்து கீழே அளப்பதுதான். கயிறு சரியாக இருந்தது. நான் படித்த எண்களும் சரி. இதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

பத்தொன்பதாம் நாள் குழியின் இரண்டு பாதியையும் ஒரே தாளில் வரைந்தேன். சாம்பல் அடுக்கு நடுவில் படி இறங்கியதுபோல் உடைந்திருந்தது. அண்ணன் பார்த்தார். வேலையாட்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எலி, என்ன வரைஞ்சிருக்கே? மண்ணு மாடிப்படியா ஏறி இறங்குமா?"

"நீங்க பிடிச்ச அளவைத்தான் வரைஞ்சேன்."

"உனக்குக் கோலைப் படிக்கவே தெரியல. எம்.ஏ. படிச்சா ஆச்சா? போ, மூட்டையைக் கட்டு."

கட்டினேன். அன்று மாலை ரயிலில் அழவில்லை. உங்களுக்குத் தெரியும், நான் அழுகிறவள் இல்லை. அறிக்கையில் என் பெயரும் இல்லை, அண்ணி. நீங்களும் தார்ப்பாய்க்காரருக்குக் கீழே, நானும் கீழே. வேறு களத்தில் கால் வைக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. 'அண்ணனே துரத்திவிட்ட பெண்' என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

நான் போன பிறகு அவர் என்ன செய்தார்? தவறு என்று சொல்லி என்னைத் துரத்திய அதே எண்களைத் திருத்தாமல் அச்சிட்டார். சாம்பல் அடுக்கு ஒன்றல்ல, இரண்டு என்று விளக்கம் எழுதினார். ஜாடிகள் நானூறு வருடம் பழமையாகின. பிழை என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், கூடும், குறையும். இது பதினைந்தாம் நாள் காலையிலிருந்து, ஒவ்வோர் அளவிலும், ஒரே பக்கமாக, ஒரே எட்டு. ஜாடிகள் கீழ்தரையில் போய் உட்காரத் தேவையான அதே எட்டு. ஒரு செங்கல் வரிசையின் உயரம்தானே என்று யாரும் சிரிக்கலாம், ஆனால் அதுதான் அவருடைய வாழ்நாள் புகழ்.

நான் எதையும் எளிதில் நம்பாதவள். தற்செயலை அதைவிடக் குறைவாக நம்புவேன். கயிற்றை அவர் உயர்த்திக் கட்டினார் என்று நினைக்கிறேன். கடினமான சொல் 'மோசடி'.

27ஆம் தேதி அதைக் கேள்வியாகவாவது கூடத்தின் முன் வைப்பேன். இருபத்து மூன்று வருடம் நான் பொறுத்தது போதும்.

எலி


23 செப்டம்பர்

எலிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளை மறுநாள் கிடைத்துவிடும் என்கிறார்கள். நோட்டும் உள்ளே இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். 'மோசடி' என்ற இடத்திலேயே பாதி கிழித்துவிட்டேன். பிறகு ஒட்டினேன். பின்சுவர், செங்கல் இடுக்கு, ஆணி, ஒரு செங்கல் வரிசை. அந்த வரியை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆணி உங்களுடையது என்று என்னிடம் யாருமே சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு ஓய்வு. எல்லாரும் ஊருக்குள் சினிமாவுக்குப் போனீர்கள். "அண்ணி, நீங்களும் வாங்களேன்" என்று நீ கூப்பிட்டாய், போர்வைகள் ஊறிக்கொண்டிருந்தன, வரவில்லை. ஆறு போர்வை. கொடிக்கயிற்றை ஒரு முனை மரத்திலும் மறுமுனை அந்த ஆணியிலும் கட்டினேன். ஈரக் கனத்தில் கயிறு தொய்ந்து போர்வை நுனியெல்லாம் மண்ணில் புரண்டது. மறுபடி துவைக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் ஆணியைக் கல்லால் தட்டிப் பிடுங்கி, ஒரு வரிசை மேலே அடித்தேன். பழைய ஓட்டை அசிங்கமாகத் தெரிந்தது. உங்கள் குழிக்குப் பக்கத்தில் குவித்திருந்த மண்ணையே கொஞ்சம் குழைத்து அடைத்தேன். நன்றாகப் பொருந்திவிட்டது.

அவ்வளவுதான். உன் அண்ணன் எதையும் உயர்த்திக் கட்டவில்லை. நான் கட்டினேன். போர்வைக்காக.

இருபத்து மூன்று வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவிலேயே இல்லை. இப்போது அந்தக் கல் எந்தக் கையில் இருந்தது என்பதுகூட ஞாபகம் வருகிறது. இன்று தியேட்டரில் எண்ணும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர், "சிஸ்டர், இன்னொரு தடவை" என்றார். முதல் தடவையாக.

என் பெயரைச் சொல்லு. 'கொடி கட்டிய அண்ணி' என்று சொல்லி அந்த சர்வேயரைச் சிரிக்க வை. அவர் பெயர் மட்டும் வேண்டாம்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அனுப்புவதற்கு முன் நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் அவர் எழுதிய விதிகள் இருக்கின்றன. நாலாவது: 'தினமும் காலை, பின்வாசல் படிக்கல்லிலிருந்து ஆணி வரை டேப் வைத்து அளக்க வேண்டும். 1 மீ 40. சரியாக இருந்தால் டிக்.' அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார், 'ஆணி' என்று தலைப்பு. பத்தொன்பது டிக், உன் கை. நீ டிக் போட்டால் வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் போகும், எனக்குத் தெரியும்.

பதினைந்தாம் நாளும் டிக் இருக்கிறது. நான் ஆணியை மாற்றிய மறுநாள். அன்று டேப் வைத்திருந்தால் ஒன்று நாற்பத்தெட்டு காட்டியிருக்கும்.

அதையும் விடு. பதினான்காம் நாளும் டிக். ஏழாம் நாளும் டிக். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. வேலையே இல்லாத நாளில், சினிமா பார்த்த நாளில், எதை அளந்தாய் எலி?

எனக்கு அந்த ஆணி என்னவென்று தெரியாது. உனக்குத் தெரியும். எண்ணாமல் டிக் போட்ட நர்ஸை நான் தியேட்டருக்குள் விடமாட்டேன். உன் அண்ணன் உன்னை வீட்டுக்கு அனுப்பினார் என்று இவ்வளவு காலம் உனக்காக நானும் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், தெரியுமா?

27ஆம் தேதி நான் வரவில்லை. வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணி


28 செப்டம்பர்

அண்ணி,

நேற்று கடைசிச் சொற்பொழிவு முடிந்தது. நீங்கள் பதிவைப் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நோட்டு வியாழக்கிழமை வந்தது. திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். பத்தொன்பது டிக்கில் முதல் மூன்றும் தனித்தனி. நாலிலிருந்து எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் போட்டவை. எனக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது, வராமல் இருந்திருக்கலாம். மூன்று நாள் அளந்தேன், மூன்று நாளும் ஒன்று நாற்பது. சுவரில் அடித்த ஆணி எங்கே போகும் என்று தோன்றியது. மூட்டை கட்டிய அன்று மாலை நோட்டை ஒப்படைக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தது. கோபத்தில் வரிசையாகப் போட்டுத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமைகளைக்கூடக் கவனிக்கவில்லை. எதையும் நம்பாதவள் என்று உங்களுக்குப் போன கடிதத்தில்தான் பெருமையடித்தேன்.

நேற்று அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாகப் போட்டேன். 'இது என் கை. நான் அளக்கவில்லை. போன வாரங்களில் அகழ்ந்தவரின் பிழை என்று சொன்னேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்' என்றேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சர்வேயர் எழுந்தார்.

"அது சரிம்மா. ஆணியை நகத்துனது யாரு?"

"ஆணி நகரும் சார். அதுக்குத்தான் தினமும் அளக்கணும்னு ஒரு கட்டம் போட்டிருந்தது."

"அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்தார். போர்வைகள் உங்களுடையவை. அவற்றை மேடைக்குக் கொண்டுவர எனக்கு உரிமை இல்லை.

அட்டையை மாற்றிவிட்டோம். காலம் திருத்தப்பட்டது. அகழ்ந்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் அப்படியே இருக்கிறது. அதன் கீழ் ஒரு வரி சேர்த்தேன், முதலில் என் பெயர், பிறகு 'அளவுப் பதிவு, சரிபார்க்கப்படவில்லை'. மியூசியத்துக்காரர் இப்படி யாரும் எழுதுவதில்லை என்றார். இனி எழுதலாம் என்றேன்.

இதனால் என் கோபம் தணிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள்மேல் கொஞ்சம் இருக்கிறது, நியாயமே இல்லாமல். அண்ணன்மேல் நிறைய இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

பானைக்கீறல்களைப் படிக்க நாங்கள் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்போம். தேய்ந்த கோடுகூட நிழல் விழுந்து தெரியும். அந்தப் பக்கத்தையும் அப்படிப் பார்த்தேன். பழக்கம்தான். பதினான்காம் நாள் டிக்குக்கு நேரே, ஓரத்தில், பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்த ஒரு வரி இருந்தது. நீங்கள் பார்த்திருக்க முடியாது. அண்ணனின் கையெழுத்து.

'எலியைக் கேட்கணும்.'

ஞாயிற்றுக்கிழமையில் டிக் விழுந்திருப்பதை அவரும் பார்த்திருக்கிறார். எண்களில் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன்னா பின்னா, தெரியாது. கேட்கவில்லை. அழித்துவிட்டார். கேட்டால் ஜாடிகள் மேல்தரைக்கு ஏறிவிடும் என்று பயந்தாரா, தங்கை ஊர் முன்னால் அவமானப்படுவாள் என்று விட்டாரா? எந்த விளக்கைச் சாய்த்தாலும் அது தெரியவில்லை. நோட்டைக் கடைசிவரை யாரிடமும் தராமல் பூட்டிவைத்தது யாரைக் காப்பாற்ற என்பதும் தெரியவில்லை. ஒரு ஃபோன், ஒரு வரிக் கடிதம். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு முறை கேட்டிருக்கலாம். இதை நேற்று இரவு முழுவதும் அவரிடம் கத்திக்கொண்டிருந்தேன், உங்களைப் போல, காகிதம்கூட இல்லாமல்.

விடிந்த பிறகு ஒன்று தோன்றியது. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கேட்டிருந்தால், "அளந்தேன்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

எலி